குழந்தைக்கான சிகிச்சை: முடிவு யாருடையது?

தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்



திருமணமாகி ஓராண்டுகூட ஆகியிருக்காது. தீபாவளிக்கு உறவினர் வீட்டுக்குச் சென்ற மருமகளிடம், முறுக்குத் தட்டை நீட்டிக்கொண்டே ஒரு கேள்வி வரும். "என்னம்மா, ஏதாவது விசேஷம் உண்டா?" கேட்பவர் அன்போடுதான் கேட்கிறார். அடுத்த தீபாவளிக்கும் அதே கேள்வி. மூன்றாவது தீபாவளிக்கு அந்தப் பெண் தலைவலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடுகிறார். கணவர் மட்டும் போய் வருகிறார். அவரிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

குழந்தைக்காகச் சிகிச்சை எடுத்துக்கொள்ளும் முடிவு பல வீடுகளில் இப்படித்தான் தொடங்குகிறது. முதலில் ஊர் கேட்கிறது. பிறகு மாமியார் கேட்கிறார். அதன்பிறகு மனைவி மருத்துவரைப் பார்க்கிறார். கடைசியில்தான் கணவனும் மனைவியும் ஒருவரோடு ஒருவர் பேசுகிறார்கள். இந்த வரிசை தலைகீழாக இருப்பதால்தான் பிறகு எத்தனையோ கண்ணீரும் மனக்கசப்பும் வருகின்றன. முதலில் பேச வேண்டியவர்கள் அந்த இருவர்தாம்.

சிங்கப்பூருக்கு இந்தச் சிகிச்சை புதியதன்று. உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1978ஆம் ஆண்டு ஜூலை மாதம் இங்கிலாந்தில் பிறந்தது. ஐந்தே ஆண்டுகளில், 1983 மே மாதம், இங்கே கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ஆசியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை என்று அன்று அது போற்றப்பட்டது. அந்தச் சாதனையை நிகழ்த்திய மருத்துவக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் இலங்கைத் தமிழரான பேராசிரியர் எஸ். எஸ். ரத்தினம். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. மருத்துவம் வெகுதூரம் வந்துவிட்டது. வீட்டுக்குள் நடக்க வேண்டிய பேச்சு மட்டும் இன்னும் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறது.

குறை யாரிடம் என்ற கேள்வி

தமிழில் "மலடி" என்ற சொல் எல்லாருக்கும் தெரியும். அதன் ஆண்பால் சொல்லும் அகராதியில் இருக்கிறது. ஆனால் அதை யாராவது ஓர் ஆணின் முகத்துக்கு நேரே சொல்லிக் கேட்டவர்கள் மிகக் குறைவு. மொழியிலேயே பழி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. மருத்துவம் அப்படிச் சொல்வதில்லை. குழந்தைப்பேறு தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பக்கத்திலும் ஒரு காரணம் இருக்கிறது. சிலரிடம் காரணம் இருவரிடமும் இருக்கும். இன்னும் சிலரிடம் எல்லாப் பரிசோதனைகளும் செய்த பிறகும் காரணமே தெரியாது.

ஓராண்டுக் காலம் தடையின்றிச் சேர்ந்து வாழ்ந்தும் கரு உண்டாகாவிட்டால் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது பொதுவான விதி. மனைவிக்கு 35 வயதுக்கு மேல் என்றால் ஆறு மாதம் போதும், அதற்கு மேல் காத்திருக்க வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒரு கட்டத்தில் இந்தச் சிக்கலைச் சந்திக்கிறார். ஆகவே இது ஒரு வீட்டுக்கு மட்டும் வந்த சாபமும் இல்லை, மறைக்க வேண்டிய களங்கமும் இல்லை.

பெண்ணுக்கு ரத்தப் பரிசோதனை, கருப்பை ஸ்கேன், கருக்குழாய் அடைபட்டிருக்கிறதா என்று பார்க்கும் எக்ஸ்ரே என்று பல படிகள் உண்டு. ஆணுக்கு முதற்படி ஒன்றே ஒன்று, விந்துப் பரிசோதனை. வலி இல்லை, ஊசி இல்லை, செலவும் குறைவு. ஆனாலும் மனைவி மூன்று முறை மருத்துவமனைக்குப் போய் வந்த பிறகும் கணவர் அந்த ஒரு பரிசோதனையைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருப்பதைப் பல குடும்பங்களில் காணலாம். "எனக்கு ஒன்றும் இருக்காது" என்பார். அந்த வார்த்தைக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் பயம்.

பயப்படத் தேவையில்லை. புதிய விந்தணுக்கள் உருவாகி முதிர்வதற்கு ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். புகைபிடிப்பதை நிறுத்தினால், உடற்பயிற்சிக் கூடத்தில் சிலர் போட்டுக்கொள்ளும் டெஸ்டோஸ்டிரோன் ஊசியை விட்டுவிட்டால், எடையைக் குறைத்தால், சில மாதங்களில் முடிவு மாறவும் வாய்ப்பு உண்டு. மாறாவிட்டாலும் வழி இருக்கிறது. ஒரே ஒரு விந்தணுவை நேராகக் கருமுட்டைக்குள் செலுத்தும் முறை 1990களின் தொடக்கத்தில் வந்துவிட்டது. இருவரும் ஒரே நாளில், ஒன்றாகச் சென்று பரிசோதனை செய்துகொள்வதுதான் நல்ல தொடக்கம். முடிவு எதுவாக இருந்தாலும் "உன்னால்" "என்னால்" என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லாமல் போகும்.

ஆளுக்கொரு கடிகாரம்

ஒரு தம்பதியை நினைத்துப் பாருங்கள். கணவருக்கு வயது 40, மனைவிக்கு 38. செங்காங்கில் நான்கறை வீவக வீடு. வீட்டுச் சாவி கைக்கு வரட்டும் என்று குழந்தையைத் தள்ளிப்போட்டவர்கள். சாவி வந்து மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. மருத்துவர் ஐவிஎஃப் எனப்படும் சோதனைக்குழாய் முறையை யோசிக்கச் சொல்கிறார். வீடு திரும்பும் வழியில் மனைவி, "உடனே தொடங்கிவிடலாங்க" என்கிறார். கணவர், "இன்னும் ஒரு வருஷம் பார்ப்போமே" என்கிறார்.

கணவருக்கு ஆசை இல்லை என்று மனைவி நினைக்கிறார். மனைவி அவசரப்படுகிறார் என்று கணவர் நினைக்கிறார். இரண்டும் உண்மையில்லை. மனைவியின் மனத்தில் ஓடுவது வயது. கணவரின் மனத்தில் ஓடுவது பணமும், மனைவி ஊசிகளால் படப்போகும் வேதனையும். ஆளுக்கொரு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பேசுகிறார்கள். இருவரும் தம் பயத்தை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் பாதி வழக்கு தீர்ந்துவிடும்.

வயதின் கணக்கு இரக்கமற்றது என்பதை மறைக்கக்கூடாது. ஒரு பெண் குழந்தை பிறக்கும்போதே வாழ்நாளுக்கான கருமுட்டைகள் அனைத்தும் அதனுடன் இருக்கின்றன, ஒன்று முதல் இரண்டு மில்லியன் வரை. பருவமடையும்போது மூன்று, நான்கு லட்சமாகக் குறைந்துவிடும். முப்பத்தைந்துக்குப் பிறகு எண்ணிக்கையோடு தரமும் வேகமாகக் குறைகிறது. பிரிட்டனின் புள்ளிவிவரங்களைப் பார்த்தால், சொந்தக் கருமுட்டையைப் பயன்படுத்தும் 35 வயதுக்குட்பட்ட பெண்களில், கருப்பையில் வைக்கப்படும் கருக்களில் சுமார் மூன்றில் ஒன்று குழந்தையாகப் பிறக்கிறது. 40 வயதைத் தாண்டியவர்களிடம் அது ஏறத்தாழ பத்தில் ஒன்றாகச் சரிந்துவிடுகிறது. ஐவிஎஃப் முறை வயதை வென்றுவிடும் என்ற நம்பிக்கையில்தான் பலர் காத்திருக்கிறார்கள். அந்தச் சக்தி அதற்குக் கிடையாது.

பணத்தைப் பற்றி வெட்கப்படாமல் பேசுங்கள்

"பிள்ளைக்கு முன்னால் பணமா பெரிது?" என்று கேட்டு இந்தப் பேச்சை மூடிவிடுவது வழக்கம். பேசாமல் விட்ட பணம்தான் பிறகு சண்டையாக வெடிக்கிறது.

சிங்கப்பூரில் கேகே மகளிர், சிறார் மருத்துவமனை, தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை, சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை ஆகிய மூன்றிலும் அரசாங்க நிதி ஆதரவு உண்டு. இருவரும் குடிமக்களாக இருந்தால் செலவில் 75 விழுக்காடு வரை கிடைக்கும். ஆனால் புதிதாகக் கருமுட்டை எடுத்துச் செய்யும் ஒரு சுற்றுக்கு 7,700 வெள்ளி, உறைய வைத்த கருவைப் பயன்படுத்தும் ஒரு சுற்றுக்கு 2,200 வெள்ளி என்பது உச்சவரம்பு. ஒவ்வொன்றிலும் மூன்று சுற்றுகள் வரை ஆதரவு கிடைக்கும். மெடிசேவிலிருந்து முதல் சுற்றுக்கு 6,000, இரண்டாவதற்கு 5,000, மூன்றாவதற்கு 4,000 என மொத்தம் 15,000 வெள்ளி வரை எடுக்கலாம்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. கட்டணம் 14,000 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அரசாங்கம் 7,700 தருகிறது. மீதம் 6,300. முதல் சுற்றில் மெடிசேவ் 6,000 போனால் கையிலிருந்து 300 வெள்ளிதான். இரண்டாவது சுற்றில் அது 1,300 ஆகிறது, மூன்றாவதில் 2,300. முதல் தடவை லேசாகத் தெரிந்த செலவு போகப்போகக் கனக்கிறது. மூன்று சுற்றும் முடிந்தபின் நான்காவதற்குப் போனால் அரசாங்க ஆதரவும் இல்லை, மெடிசேவும் தீர்ந்திருக்கும். இந்தப் படிக்கட்டை முதல் நாளிலேயே ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட வேண்டும்.

தமிழ்க் குடும்பங்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. தமிழ்நாட்டிலிருந்து பெண்ணோ மாப்பிள்ளையோ எடுத்தவர்கள் இங்கே நிறையப் பேர். கணவன் மனைவியரில் ஒருவர் குடிமகன், மற்றவர் நிரந்தரவாசி என்றால் ஆதரவு 55 விழுக்காடு. மற்றவர் வெளிநாட்டவர் என்றால் 35 விழுக்காடுதான். உச்சவரம்பும் அதற்கேற்பக் குறையும். வெளிநாட்டவருக்கு மெடிசேவ் கணக்கும் கிடையாது.

வயதுக்கும் பணத்துக்கும் இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து 45 வயது என்ற மேல் வரம்பு நீக்கப்பட்டது. ஆனால் 40 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களுக்கு, குறைவான சுற்றுகளுக்குத்தான் ஆதரவு. அதுவும் 40 வயதுக்கு முன்பே இத்தகைய சிகிச்சையையோ ஐயுஐ முறையையோ முயன்று பார்த்தவர்களுக்கு மட்டுமே. செங்காங் தம்பதியின் "இன்னும் ஒரு வருஷம்" என்ற பேச்சு, இரண்டு வருஷமானால் என்ன விலை கேட்கும் என்பது இப்போது புரியும். விதிகளும் கட்டணங்களும் மாறக்கூடியவை என்பதால் மருத்துவமனையின் நிதி ஆலோசகரிடம் தம் நிலைமைக்குரிய கணக்கைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

உடலும் கணக்கில் சேரும்

பணம் இருவருடையது. வலி ஒருவருடையது. ஏறத்தாழ பத்துப் பன்னிரண்டு நாள் தினமும் ஊசி. நடுநடுவே ஸ்கேன், ரத்தப் பரிசோதனை. பிறகு மயக்கம் கொடுத்துக் கருமுட்டைகளை எடுப்பார்கள். எடுத்த முட்டை எல்லாம் முதிர்ந்தவையாக இருக்காது. முதிர்ந்தவை எல்லாம் கருவாகாது. கருவானவை எல்லாம் ஐந்தாம் நாள்வரை தாக்குப்பிடிக்காது. பத்து முட்டை கிடைத்தது என்று மகிழ்ந்தவர்கள் கடைசியில் இரண்டு கருவோடு நிற்பது வழக்கமே. கருவை வைத்த பின் முடிவு தெரிய ஏறக்குறைய இரண்டு வாரம். அந்த இரண்டு வாரம்தான் மிக நீளமானது என்பது இதைக் கடந்த பெண்கள் பலர் சொல்லும் வார்த்தை.

ஊசி போட்டுக்கொள்வது மனைவி. ஆனால் நேரம் பார்த்து அதை எடுத்துக் கொடுப்பது, கற்றுக்கொண்டு தாமே போட்டுவிடுவது, ஸ்கேன் நாளில் விடுப்பு எடுத்துக் கூட வருவது ஆகியவை கணவரால் முடியும். இதையும் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். "சொன்னால் செய்திருப்பேனே" என்ற வாக்கியம் எந்த மனைவியையும் ஆறுதல்படுத்தியதில்லை.

"இரட்டைப் பிள்ளையாக வந்தால் ஒரே செலவில் முடிந்துவிடுமே" என்று சிலர் இரண்டு கருக்களை வைக்கச் சொல்லிக் கேட்பதுண்டு. இரட்டைக் கர்ப்பத்தில் குறைப்பிரசவமும், தாய்க்கு ரத்த அழுத்தமும் வரும் ஆபத்து கூடுதல். ஒவ்வொன்றாக வைப்பதை மருத்துவர்கள் பரிந்துரைப்பது அதனால்தான்.

மீந்திருக்கும் கருக்களை உறைய வைப்பார்கள். அவற்றை எத்தனை காலம் வைத்திருப்பது, பிறகு என்ன செய்வது என்பதற்கெல்லாம் ஒப்புதல் தேவை. இருவரில் ஒருவர் இறந்துவிட்டால், மணமுறிவு ஏற்பட்டால் என்ன செய்வது என்ற கேள்வியும் எழும். நல்ல காரியத்தில் இறங்கும்போது அபசகுனமாக எதைப் பேசுவது என்று படிக்காமலே கையெழுத்துப் போடுபவர்கள் இருக்கிறார்கள். படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று, நிதானமாக இருவரும் சேர்ந்து படிப்பதே முறை.

யாரிடம் சொல்வது?

இதை முடிவு செய்யாமல் சிகிச்சையைத் தொடங்கியவர்கள் பலர். கணவர் தம் அம்மாவிடம் மனம் பொறுக்காமல் சொல்லிவிடுகிறார். அம்மா தம் தங்கையிடம் சொல்கிறார். இரண்டு வாரத்தில், இரத்தப் பரிசோதனை முடிவு வரும் முன்னரே, ஈப்போவிலிருந்து பெரியம்மா தொலைபேசியில் அழைத்து "என்னாச்சு?" என்று கேட்கிறார். முடிவு தோல்வி என்றால், அந்தப் பெண் அதை ஒரு முறை தாங்குவதோடு முடிவதில்லை. பத்துப் பேரிடம் பத்து முறை சொல்ல வேண்டியிருக்கிறது.

யாரிடமும் சொல்லாமலிருப்பதும் எப்போதும் சரியல்ல. துணையாக இருக்கக்கூடிய ஒருவர் இருவருடைய பக்கத்திலும் வேண்டும். யார் அந்த ஒருவர் என்பதை இருவரும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும். பெற்றோரிடம் சொல்வதானால், அவரவர் பெற்றோரிடம் அவரவரே சொல்வது நல்லது. மாமியாரின் கேள்விக்கு மருமகள் பதில் சொல்ல நேர்வதைவிட, "அம்மா, நாங்கள் இருவரும் மருத்துவரைப் பார்க்கிறோம். சொல்ல வேண்டிய நாளில் நானே சொல்கிறேன்" என்று மகன் சொல்லும் ஒரு வாக்கியம் அந்த வீட்டின் காற்றையே மாற்றிவிடும்.

பெரியவர்கள் திருக்கருகாவூருக்குப் போய்வரச் சொல்வார்கள். போகலாம், மனத்துக்குத் தெம்பு தரும். ஆனால் கோயிலுக்குப் போவதைக் காரணம் காட்டிப் பரிசோதனையைத் தள்ளிப்போடக்கூடாது. நாட்டு மருந்து, லேகியம் சாப்பிடுகிறவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்கக்கூடாது.

நிறுத்தும் இடம்

இந்தப் பேச்சுகளிலேயே கடினமானது இதுதான். எங்கே நிறுத்துவது?

முதல் சுற்று தோற்றால், "ஒரே முறையில் யாருக்குக் கிடைக்கிறது" என்று இரண்டாவதற்குப் போகிறார்கள். இரண்டாவது தோற்றால், "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்று மூன்றாவதற்கு. அதன்பிறகு செலவழித்த பணமும் பட்ட பாடுமே அடுத்த சுற்றுக்குக் காரணமாகிவிடுகின்றன. அங்கே யாரும் முடிவெடுப்பதில்லை. ஓட்டம் தானாக ஓடுகிறது. இருவரில் ஒருவர் உள்ளுக்குள் எப்போதோ களைத்துப்போயிருப்பார். சொன்னால் மற்றவர் உடைந்துவிடுவாரோ என்று வாய் திறக்காமலிருப்பார். மற்றவரும் அதே காரணத்துக்காகவே தொடர்ந்துகொண்டிருப்பார்.

ஆகவே தொடங்கும் முன்பே எல்லையைப் பேச வேண்டும். எத்தனை சுற்று, எவ்வளவு பணம், எந்த வயதுவரை, உடல்நிலை எப்படியானால் போதும் என்று சொல்வது ஆகிய நான்கையும் எழுதி வைக்க வேண்டும். எழுதியதை மாற்றக்கூடாது என்பதில்லை. ஆனால் தோல்விச் செய்தி வந்த அன்றைய அழுகையில் மாற்றக்கூடாது. சில வாரம் கழித்து, தேவையானால் மருத்துவமனையின் மனநல ஆலோசகர் முன்னிலையில், இருவரும் பேசி மாற்ற வேண்டும். "போதும்" என்று சொல்லும் உரிமை இருவருக்கும் சமம். ஊசியைத் தாங்கும் உடலின் சொல்லுக்குக் கூடுதல் மதிப்பு தருவது நியாயம்.

நிறுத்திய பிறகு வாழ்க்கை இருக்கிறதா என்ற கேள்விக்கும் பதில் உண்டு. தத்தெடுத்தல் ஒரு வழி. சிங்கப்பூரில் புதிய தத்தெடுப்புச் சட்டம் 2024 அக்டோபரில் நடப்புக்கு வந்திருக்கிறது. ஆனால் தோற்றவர்களுக்கான ஆறுதல் பரிசாக அதை எண்ணக்கூடாது. அந்தக் குழந்தை தன்னையே விரும்பிய பெற்றோரிடம் வர உரிமை உள்ள குழந்தை. இருவராகவே வாழ்வதும் ஒரு வழிதான். அண்ணன் பிள்ளைகளுக்கும் அக்காள் பிள்ளைகளுக்கும் இன்னொரு வீடாக இருந்து, முழுமையாக வாழ்ந்த தம்பதிகள் ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

சிங்கப்பூரின் கருவள விகிதம் 2023ஆம் ஆண்டில் முதன்முறையாக ஒன்றுக்கும் கீழே, 0.97க்கு இறங்கியது. பிள்ளைகள் வேண்டும் என்று நாடு விரும்புகிறது, குடும்பம் விரும்புகிறது. விரும்புவதில் தவறில்லை. ஆனால் ஊசியின் முன்னே உட்காருவது நாடும் அல்ல, குடும்பமும் அல்ல. சிகிச்சை வெற்றி பெற்றால் அந்தக் குழந்தைக்குத் தேவைப்படுவது ஒருவரையொருவர் இன்னும் நேசிக்கும் தாயும் தந்தையும். வெற்றி பெறாவிட்டால் மிஞ்சியிருக்கப்போவதும் அந்த இருவர்தாம். இரண்டு நிலையிலும் காப்பாற்றப்பட வேண்டியது அவர்களுக்கிடையிலான உறவு.

அடுத்த தீபாவளிக்கு முறுக்குத் தட்டை நீட்டும் கைகளுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுக்கு வந்த மருமகளிடம் "சாப்பிட்டாயா, வேலை எப்படிப் போகிறது?" என்று கேளுங்கள். விசேஷம் இருந்தால் அவர்களே வந்து சொல்வார்கள். இல்லாவிட்டாலும் அந்தப் பெண் அடுத்த ஆண்டும் தலைவலி என்று சொல்லாமல் உங்கள் வீட்டுக்கு வருவார்.